கோடையில் பழுப்பாக இருக்கட்டும்: செட்டிநாட்டு மண்ணில் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பராமரிப்பது எப்படி?

கோல்ஃப் மைதானம் செய்தியில் வரும்போதெல்லாம் நிலமும் தண்ணீரும் கூடவே வந்துவிடுகின்றன. 2024 செப்டம்பரில் சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்பிடம் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. குதிரை ஓடும் தடத்துக்கு நடுவே ஒரு கோல்ஃப் மைதானமும் அதற்குள் இருந்தது. பிறகு அந்த வளாகத்திலேயே மழைநீர் தேங்குவதற்குக் குளங்கள் வெட்டினார்கள். ஒரு புல்வெளிக்கு ஏன் இத்தனை ஏக்கர், அதற்கு எவ்வளவு தண்ணீர், வருஷம் முழுக்க அங்கே என்னதான் வேலை என்று பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகள் விடுதிகளாகி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள். வருகிறவர்களுக்கு ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் இது ஊருணியையும் கண்மாயையும் நம்பி வாழும் மண். இங்கே அப்படி ஒரு மைதானத்தை நடத்த என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மைதானம் என்பது ஒரே புல்வெளி இல்லை

முழு மைதானம் என்றால் 18 குழிகள். அதற்கு 150 ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலம் பிடிக்கும். இடம் குறைவாக இருந்தால் 9 குழிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். கோல்ஃபில் குழி என்றால் பந்து விழும் பள்ளம் மட்டுமல்ல, அதை நோக்கி ஆடிப்போகும் முழு நீளமும்தான். அப்படி ஒவ்வொரு குழிக்கும் நான்கைந்து பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றையும் பராமரிக்கும் விதம் வேறு.

1. டீ: பந்தை முதலில் அடிக்கும் சிறு மேடை. புல் உயரம் சுமார் 10 மி.மீ.
2. ஃபேர்வே: டீயிலிருந்து குழி வரை போகும் அகன்ற பாதை. 10 முதல் 15 மி.மீ.
3. ரஃப்: பாதையின் இரு பக்கமும் உயரமாக விடப்படும் புல். 40 மி.மீ. அல்லது அதற்கு மேல்.
4. கிரீன்: குழி இருக்கும் இடம். இங்கே பந்து உருண்டுதான் போக வேண்டும். புல் உயரம் 3 முதல் 4 மி.மீ.
5. பங்கர்: வேண்டுமென்றே வைக்கப்படும் மணல் பள்ளம்.

கிரீனில் நிற்கும் புல் ஒரு அரிசியின் நீளம்கூட இல்லை. அந்த உயரத்தில் இலைப்பரப்பு மிகக் குறைவு. இலை குறைந்தால் செடி தயாரிக்கும் உணவு குறையும், வேரும் மேலேயே நின்றுவிடும். கிரீனில் இருக்கும் செடி எப்போதும் பசியோடுதான் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும், மைதானப் பராமரிப்பில் பாதி புரிந்துவிடும். ஒருநாள் தண்ணீர் தவறினாலும், கத்தி மழுங்கினாலும், பூஞ்சை வந்தாலும் முதலில் சாவது கிரீன்தான். 18 கிரீன்களையும் சேர்த்தால் சுமார் இரண்டரை ஏக்கர்தான் வரும். ஆனால் மைதானத்தின் கூலியிலும் கவலையிலும் பெரும்பங்கை அந்த இரண்டரை ஏக்கர் எடுத்துக்கொள்ளும்.

கத்தி விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கிரீன் வெட்டும் இயந்திரத்தில் உருளை வடிவத்தில் சுழலும் கத்திகள் இருக்கும். கீழே அசையாத ஒரு தட்டைக் கத்தி இருக்கும். இரண்டுக்கும் நடுவே புல் அகப்பட்டு நறுக்கப்படும். தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து உருளையைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை காகிதம் சுத்தமாக நறுக்குப்பட வேண்டும். எங்காவது மடங்கினாலோ கிழிந்தாலோ அந்த இடத்தில் புல்லும் கிழியத்தான் போகிறது. கிழிந்த நுனி மறுநாள் வெளுத்துக் காயும், பூஞ்சை உள்ளே போக அதுவே வழியாகும்.

புல் நமக்குப் புதிதல்ல

வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல். அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். கிரீனுக்கென்று அதன் ஒட்டுரகங்களைப் பயன்படுத்துகிறார்கள். அருகம்புல்லையும் அதே குடும்பத்து ஆப்பிரிக்கப் புல் ஒன்றையும் கலந்து, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உருவாக்கிய ரகங்கள் அவை. ஃபேர்வேக்கான டிஃப்வே 1960இலும், கிரீனுக்கான டிஃப்டுவார்ஃப் 1965இலும் வந்தன. இவற்றில் விதை பிடிக்காது. கணுவோடு கூடிய தண்டை நட்டுத்தான் பரப்ப வேண்டும்.

அருகம்புல்லுக்கு வெயில் பிடிக்கும், நிழல் ஆகாது. காற்றின் வெப்பம் 27 முதல் 35 டிகிரி வரை இருக்கும்போது நன்றாக ஓடும். தண்ணீர் இல்லாவிட்டால் மேலே காய்ந்துவிடும். மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்டு பிழைத்திருந்து, மழை பெய்ததும் துளிர்க்கும். வரப்பில் இதைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. செட்டிநாட்டில் ஒரு மைதானம் பிழைக்குமா என்பது கடைசியில் இந்தக் குணத்தை நம்புகிறோமா என்பதில்தான் நிற்கிறது.

வெளிநாட்டுக் காலண்டர் இங்கே ஏன் செல்லாது

மைதானப் பராமரிப்பு நூல்களின் காலண்டர் வசந்தத்தில் தொடங்கும். பனிக்காலத்தில் உறங்கிய புல் விழிக்கும், கோடையில் வளரும், இலையுதிர் காலத்தில் அடங்கும், குளிரில் மறுபடி உறங்கும். டெல்லியில்கூட டிசம்பர், ஜனவரியில் அருகம்புல் பழுத்து உறங்கிவிடும்.

காரைக்குடியில் அந்த உறக்கம் கிடையாது. மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர் இருக்கும். புல்லின் ஓட்டம் குறையுமே தவிர நிற்காது. ஆகவே இங்கே பருவம் என்பது தண்ணீரை வைத்து அமைவது. ஆண்டு மழை சுமார் 900 மி.மீ. மற்ற எந்தப் பருவத்தையும்விட அதிகமாக ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை ஒரு பங்கு தரும். மற்ற மாதங்களுக்குச் சேமிப்புதான் கதி. அதனால் இங்கே மைதானத்தின் வருஷம் சித்திரையில் பிறக்காது, ஐப்பசியில்தான் பிறக்கும்.

பருவவாரியாக வேலை

ஐப்பசி, கார்த்திகை: அடைமழை

செட்டிநாட்டுச் செம்மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சரளையும் கெட்டியான செம்புராங்கல்லும் வந்துவிடும் இடங்கள் நிறைய. பெய்யும் மழை சட்டென்று உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். ஊருணிகள் நிறைவது இதனால்தான். மைதானத்துக்கு அதே குணம் தொல்லை.

1. ஈரம் வடியும்வரை ஃபேர்வேயில் வண்டி இறக்கக் கூடாது. சக்கரத் தடம் அழுந்திய இடத்தில் மண் இறுகிவிடும், அடுத்த கோடையில் அங்கே புல் வராது.
2. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் கிரீனில் புல் உயரத்தை ஒரு மி.மீ. கூட்ட வேண்டும். வெளிச்சம் குறையும்போது இலைப்பரப்பு அதிகம் தேவை. ஆட வருகிறவர்கள் பந்து மெதுவாக உருளுகிறது என்று குறைப்படுவார்கள். அதைப் பொருட்படுத்தக் கூடாது.
3. தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல் சத்தைக் கொடுக்க வேண்டும். தழைச்சத்து ஏறினால் இலை கொழுகொழுவென்று வரும், பூஞ்சைக்கு அது நல்ல தீனி.
4. பங்கரின் சரிவில் இருக்கும் மணல் ஒவ்வொரு பெருமழைக்கும் கீழே அரித்து இறங்கும். மண்வெட்டியால் திரும்ப ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இரண்டு மாதங்களில் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை தண்ணீரைப் பிடித்துவைப்பது. அந்தக் கணக்கைப் பின்னால் பார்க்கலாம்.

மார்கழி முதல் மாசி வரை: பனி

வெளியூர்க்காரர்கள் அதிகம் வரும் காலம் இது. ஆடுவதற்கும் இதுதான் நல்ல பருவம். விடியலில் கிரீன் முழுக்கப் பனி நிற்கும். நீண்ட மூங்கில் கழியை இடமும் வலமுமாக வீசி அதைத் தட்டிவிடுவார்கள், அல்லது இரண்டு பேர் ஒரு கயிற்றை இரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. இலையில் நீர் எத்தனை மணி நேரம் நிற்கிறதோ அந்த அளவுக்குப் பூஞ்சை பிடிக்கும். மற்றபடி இந்தக் காலத்தில் புல்லைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது. கீறினால், துளையிட்டால் ஆற நாளாகும்.

பங்குனி முதல் வைகாசி வரை: வெயில்

கடுமையான வேலைகளை இந்தப் பருவத்தில்தான் செய்ய வேண்டும் என்பது முதலில் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அருகம்புல் வெப்பத்தில்தான் வேகமாக ஓடும், அதனால் காயமும் வேகமாக ஆறும். கிரீனில் சுமார் 12 மி.மீ. அகலமும் ஏழெட்டு செ.மீ. ஆழமும் உள்ள துளைகளை, ஐந்து செ.மீ. இடைவெளியில் இயந்திரம் போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு மண் குச்சி வெளியே வந்து விழும். அவற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, துளைகளில் மணலை நிரப்புவார்கள். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் காற்று போகும், காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்து அடைத்திருந்த அடுக்கு குறையும். இரண்டு மூன்று வாரம் கிரீன் பார்க்கச் சகிக்காது. அப்புறம் மூடிக்கொள்ளும்.

தண்ணீர் பாய்ச்சுவதில் இரண்டு விதிகள். விடியலுக்கு முன் பாய்ச்ச வேண்டும், அப்போதுதான் காற்றும் வெயிலும் கொண்டுபோவது குறையும். ஃபேர்வேக்கும் பாய்ச்சுவதென்றால், தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது மேல். தினம் தெளித்துப் பழக்கினால் வேர் மேலேயே தங்கிவிடும், மின்சாரம் ஒருநாள் போனாலும் புல் கருகும்.

ஆனி, ஆடி: காற்று

தெளிப்பான் தண்ணீர் புல்லில் விழாமல் வேலிக்கு அப்பால் போய் விழும் காலம். பங்கர் மணலும் பறக்கும். மைதானத்துக்கு மழைநீர் சேர்த்துவைக்கும் குளத்தில் தண்ணீர் அடியில் கிடப்பதால் தூர் வாரவும், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைச் செதுக்கவும், வடிகால் குழாய்களைப் பார்க்கவும் இதைவிட்டால் நேரம் கிடையாது. இந்த வேலையைத் தள்ளிப்போடுகிற மைதானம் ஐப்பசியில் முதல் பெருமழையையே தவறவிடும்.

ஆவணி, புரட்டாசி: இடிமழை

மாலை மழையில் புல் திடீரென்று கிளம்பும். கோரையும் சேர்ந்து கிளம்பும். கோரையை மேலாக வெட்டிப் பயனில்லை, கிழங்கோடு எடுக்க வேண்டும். புதிதாக அருகங்கணு நடுவதற்கும் இதுதான் தருணம். அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

இந்தச் சமயத்தில் படைப்புழு வரும். புல்லுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மைனாவும் கொக்கும் ஒரே இடத்தில் கூடிக் கொத்துவதே முதல் அடையாளம். உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தை இரண்டு கரண்டி எடுத்து ஒரு பூவாளித் தண்ணீரில் கலந்து, ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஊற்றினால், புழு இருந்தால் சில நிமிடங்களில் நெளிந்துகொண்டு மேலே வந்துவிடும். எண்ணிப் பார்த்து, அதிகம் இருந்தால் மட்டும் அந்த இடத்துக்கு மருந்து. பயந்துபோய் மைதானம் முழுக்க மருந்தடிப்பது பெரிய தவறு. அடுத்த நாள் மழையில் அது எந்த ஊருணிக்குப் போகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

1. கோடையில் பசுமையாக நிற்க வேண்டிய புல்லுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மி.மீ. தண்ணீர் வேண்டும்.
2. ஒரு ஏக்கரில் 5 மி.மீ. என்றால் சுமார் 20,000 லிட்டர்.
3. 18 குழி மைதானத்தில் டீ, ஃபேர்வே, கிரீன் என்று 50 ஏக்கரைப் பச்சையாக வைத்தால் ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர்.
4. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தரச் சொல்லும் அளவு 55 லிட்டர். அந்த 10 லட்சம் லிட்டர் சுமார் 18,000 பேருக்கான தண்ணீர்.

நான்காவது கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ஆழ்துளைக் கிணறு போட்டு 50 ஏக்கரைச் சித்திரையில் பச்சையாக வைப்பேன் என்று செட்டிநாட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பணம் இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது.

இப்போது வேறு விதமாகக் கணக்குப் போடலாம். 9 குழிகள். கோடையில் தண்ணீர் கிரீனுக்கும் டீக்கும் மட்டும். பரப்பு சுமார் இரண்டரை ஏக்கர், ஒரு நாளைக்கு 50,000 லிட்டர். மழையில்லாத 200 நாளுக்கு ஒரு கோடி லிட்டர். ஒரு ஏக்கர் பரப்பில் இரண்டரை மீட்டர் ஆழம் வெட்டிய குளம் அவ்வளவு பிடிக்கும். ஆனால் வெயிலில் ஆவியாவதும் கசிவதும் சேர்ந்து பெரும்பகுதியைக் கொண்டுபோகும். ஆகவே இரண்டு ஏக்கர், மூன்று மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வதே நியாயமான திட்டம். மைதானத்துக்குள் விழும் மழையே அதை நிரப்பும். ஃபேர்வேயும் ரஃபும் மாசியிலிருந்து பழுக்கத் தொடங்கி, சித்திரையில் முழுக்கப் பழுப்பாகும், முதல் இடிமழையில் திரும்பப் பச்சையாகும்.

சுத்திகரித்த கழிவுநீரையும் பயன்படுத்தலாம். அருகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் பாய்ச்சினால் உப்பு மண்ணில் தங்கும். ஐப்பசி மழை அதைக் கழுவி இறக்கும் அளவுக்கு வடிகால் இருந்தால்தான் இது சரிப்படும்.

மணலும் வரத்தும்

தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட மணலை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதலில் வெளியிட்டுப் பிறகு திருத்திவந்த முறைப்படி, கிரீன் என்பது பெரும்பாலும் மணலாலான 30 செ.மீ. அடுக்கு, அதன் கீழ் 10 செ.மீ. சரளைக்கல், அதற்கும் கீழ் துளையிட்ட குழாய். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்றால் 18 கிரீனுக்கு 2,700 கன மீட்டர் மணல், நம் கணக்கில் 950 யூனிட்டுக்கு மேல். அதுவும் கண்ட மணல் ஆகாது. பெரும்பகுதி கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரையிலான மணியாக இருக்க வேண்டும். ஆற்று மணல் அள்ளினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எம்-சாண்டைக் கழுவிச் சலித்துத் தூசி நீக்கிப் பயன்படுத்தலாம். செலவு கூடும்.

இதைவிடப் பெரிய விஷயம் வரத்து. பயிர் இல்லாத சரளை மேடு வெளியாருக்குத் தரிசாகத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது ஊருணிக்கும் கண்மாய்க்கும் தண்ணீர் தரும் பரப்பு. அதன் குறுக்கே ஒரு சுற்றுச்சுவர் எழும்பினாலே போதும், கீழே இருக்கும் ஊருணி அந்த வருஷமே குறைய ஆரம்பிக்கும். சுவரைத் தாண்டித் தண்ணீர் போனாலும், அதில் உரமும் பூச்சிமருந்தும் கலந்து போனால் குடிக்கும் ஊருணி கெடும். செட்டிநாட்டில் கோல்ஃப் மைதானத்தால் வரக்கூடிய கேடுகளில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும். மைதானக் குளத்துக்குக் கட்டாயம் ஒரு கலுங்கு வேண்டும், அதன் வழியே மிச்ச நீர் பழைய வரத்துக்காலுக்கே போக வேண்டும். கிரீனின் வடிகால் குழாய்கள் மட்டும் அந்தக் குளத்துக்குள்ளேயே திரும்பி வர வேண்டும்.

பழுப்பாக இருந்தால் யார் வருவார்கள்?

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் பைன்ஹர்ஸ்ட் ஊரில் இரண்டாம் எண் மைதானம் என்று ஒன்று உண்டு. 1907இல் திறந்தது, உலகப் புகழ் பெற்றது. 2010, 2011 ஆண்டுகளில் அதைத் திருத்தி அமைத்தபோது ஏறத்தாழ 40 ஏக்கர் புல்லைப் பிடுங்கிவிட்டு, மணலையும் காட்டுப்புல்லையும் அப்படியே விட்டார்கள். சுமார் 1,150 ஆக இருந்த தெளிப்பான்கள் 450 அளவுக்குக் குறைந்தன. 2014இல் அமெரிக்க ஓபன் போட்டியில் ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் ஆடினார்கள். ஓரங்கள் பழுப்பாகவே இருந்தன. பெரிய ஆட்டக்காரர்களுக்குப் போதுமானது விடுதி விருந்தினருக்கும் போதும்.

நம் நாட்டிலேயே இன்னொரு வழி இருக்கிறது. தண்ணீர் இல்லாத பல ஊர்களில், குறிப்பாக ராணுவ முகாம்களின் மைதானங்களில், கிரீனுக்குப் பதிலாக பிரவுன் வைத்து ஆடியிருக்கிறார்கள். மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி, மட்டமாக இழுத்த தரை அது. ஆடி முடித்ததும் ஒரு ஆள் காலடித் தடத்தை இழுத்துச் சமன் செய்துவிடுவார். பந்து நன்றாகவே உருளும். பழைய எஞ்சின் எண்ணெயை இங்கே பயன்படுத்தக் கூடாது, மழையில் அது ஊருணிக்குப் போகும். தாவர எண்ணெயோ எண்ணெயே இல்லாத மணலோ போதும். செட்டிநாட்டில் சோதனையாக ஒன்றைத் தொடங்குவதானால் நான் பிரவுனைத்தான் முதலில் சொல்வேன்.

திட்டம் வந்தால் ஊர் கேட்க வேண்டியவை

1. சித்திரையில் எத்தனை ஏக்கர் பச்சையாக இருக்கும்? மொத்த நிலம் எவ்வளவு என்பதைவிட இந்த எண்தான் முக்கியம்.
2. அந்த நிலத்தின் மழை இதுவரை எந்த ஊருணிக்கு, எந்தக் கண்மாய்க்குப் போனது? வரைபடத்தில் காட்ட முடியுமா?
3. குளத்தின் கலுங்கு எங்கே, மிச்ச நீர் எந்தக் காலில் சேரும்?
4. மணல் எங்கிருந்து, எத்தனை யூனிட்?
5. உரமும் மருந்தும் எந்த மாதத்தில், எந்தப் பரப்பில்? அடைமழையில் நிறுத்துவார்களா?
6. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மைதானம் வரும் முன்பே ஒரு வைகாசியில் அளந்து எழுதிவைப்பார்களா? ஒவ்வொரு வைகாசியும் அளந்து, ஊராட்சிப் பலகையில் ஒட்டுவார்களா? மட்டம் இறங்கினால் எத்தனை கிரீனுக்குத் தண்ணீரை நிறுத்துவார்கள் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.